கல்லூரியில் கட்டும் குட்டி சாட்டிலைட்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

1 யூ கியூப்சாட் என்றால் பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் மெக்கானிக்கல் பையன் அலுமினியச் சட்டம் செய்திருப்பான், இ.இ.இ. பிள்ளை பேட்டரியும் சோலாரும் பார்த்திருப்பாள், இ.சி.இ. ஆட்கள் ரேடியோ, கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆட்கள் கோடு என்கிற புரோகிராம், பிசிக்ஸிலிருந்து யாராவது மேக்னட்டோமீட்டர் என்ற, காந்தப்புலம் அளக்கும் சென்சார். அவரவர் மேசையில் எல்லாம் நன்றாக ஓடும். ஒன்றாகச் சேர்த்த அன்றைக்குத்தான் கூத்து. எந்தப் போர்டில் கோளாறு தெரிகிறதோ அந்தப் போர்டுக்காரனைப் பிடித்து உலுக்குவார்கள், அவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தன் போர்டைக் குடைவான், ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் கோளாறு தெரியும் இடம் ஒன்று, இருக்கும் இடம் இன்னொன்று, பெரும்பாலும் வேறொரு டிபார்ட்மெண்ட் கை வைத்த இடம். அதனால்தான் இதை நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. "ஏல, நேத்து வரைக்கும் ஓடிச்சுல்லா?" என்று ஒருவன் கேட்டால் அதுதான் சரியான கேள்வி. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் யார் எந்த ஸ்குரூவைக் கழற்றினான், எந்த வயரை மாற்றினான், எந்தக் கோடை ஏற்றினான் என்று லேபில் ஒரே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

ரேடியோ ஆன் ஆனதும் மொத்தமும் ரீசெட் ஆகிறது

இது வராத டீமே கிடையாது. கோடுதான் தப்பு என்று இ.இ.இ. சொல்லும், பேட்டரி தாங்கவில்லை என்று கம்ப்யூட்டர் சயன்ஸ் சொல்லும், என் ரேடியோ டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் கரண்ட்தான் இழுக்கிறது என்று இ.சி.இ. சொல்லும். மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

முதலில் மைக்ரோகண்ட்ரோலரையே கேளுங்கள். கடைசியாக ஏன் ரீசெட் ஆனது என்று குறித்துவைக்கும் ரிஜிஸ்டர் பெரும்பாலான சிப்களில் உண்டு. கோடு ஆரம்பித்த உடனே அதைப் படித்துச் சேமித்துவிடுங்கள். ப்ரவுன்-அவுட் என்று வந்தால் வோல்டேஜ் விழுந்திருக்கிறது. வாட்ச்டாக் என்று வந்தால் கோடு எங்கோ மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, ரேடியோ பதில் சொல்லும் வரை காத்திருக்கும் ஒரு லூப்பாக இருக்கும், அந்தப் பக்கம் போங்கள்.

ப்ரவுன்-அவுட் என்றால் ஆசிலோஸ்கோப் எடுங்கள். மல்டிமீட்டரை வைத்து 3.3 காட்டுகிறதே என்று வாதாடாதீர்கள், அது சராசரியைத்தான் காட்டும், சில மில்லி செகண்ட் பள்ளம் அதன் கண்ணில் படாது. புரோபை மைக்ரோகண்ட்ரோலரின் சப்ளை பின்னிலேயே வையுங்கள், பேட்டரி முனையில் வைத்துப் பிரயோஜனம் இல்லை. பேட்டரி முனையில் சரியாக இருந்து சிப் முனையில் விழுகிறது என்றால் நடுவில் இருக்கும் ஒல்லி வயர், தளர்ந்த கனெக்டர், சுவிட்ச், இவைதான் குற்றவாளி. பேட்டரி முனையிலேயே விழுகிறது என்றால் செல் பழசு, அல்லது சார்ஜ் கம்மி, அல்லது கன்வெர்ட்டர் தன் கரண்ட் எல்லையைத் தொடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு லேப் பவர் சப்ளையில் போட்டுப் பார்க்கிறவர்கள் அதன் கரண்ட் லிமிட் குமிழ் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். யாரோ எல்.இ.டி. எரியவிட்டுப் பார்த்துவிட்டு 100 மில்லி ஆம்பியரில் விட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ரேடியோவின் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு மாட்டுங்கள். ஒன்றும் மாட்டாமல் வெறுமனே விடாதீர்கள், பவர் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போகும். டம்மி லோடில் ரீசெட் நின்றுவிட்டால் சிக்கல் பெரும்பாலும் பவரில் இல்லை. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலையே திரும்பி வந்து உள்வயர்களில் ஏறுகிறது. இங்கேதான் மெக்கானிக்கல் ஆட்களைக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அலுமினியச் சட்டம் முழுக்க ஒரே கிரவுண்டு என்று இ.சி.இ. நினைத்திருக்கும், அது நியாயமான நினைப்புதான், ஆனால் சட்டத்தை ஆனடைஸ் பண்ணியிருப்பார்கள். ஆனடைஸ் பூச்சு அலுமினியம் ஆக்சைடு, அதில் கரண்ட் பாயாது. போர்டின் கிரவுண்டை ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி வைத்துப் பார்த்தால் சத்தமே வராது. அதற்காக ஆனடைஸே வேண்டாம் என்று சொல்ல முடியாது, சாட்டிலைட்டை ராக்கெட்டிலிருந்து வெளியே தள்ளிவிடும் கூடான டிப்ளாயருக்குள் உரசும் நான்கு விளிம்புத் தண்டவாளங்களும் ஹார்ட் ஆனடைஸ் ஆகியிருக்க வேண்டும் என்பது கியூப்சாட் விதி, இல்லாவிட்டால் விண்வெளியில் அலுமினியமும் அலுமினியமும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து. கிரவுண்டு தொடும் இடங்களை மட்டும் ஆனடைஸுக்கு அனுப்பும் முன்னால் மறைத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தெந்த இடம் என்று இ.சி.இ. படம் வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். வாயால் சொன்னது பட்டறைக்குப் போய்ச் சேராது.

தனியாக வேலை செய்த சென்சார், சேர்த்ததும் காணவில்லை

எல்லாம் ஒரே ஐ-டூ-சி பஸ்ஸில், அதாவது பல சிப்கள் பகிர்ந்து பேசும் ஒரு கிளாக் லைன், ஒரு டேட்டா லைனில், தொங்குகிறது என்று வைத்துக்கொள்கிறேன். முதல் சந்தேகம் முகவரி. கடையில் சுலபமாகக் கிடைக்கும் எம்.பி.யூ. 6050 சென்சாரும் டி.எஸ். 3231 கடிகாரச் சிப்பும் இரண்டுமே ஹெக்ஸ் 68 என்ற முகவரியில்தான் உட்கார்ந்திருக்கும். ஒருவன் மேசையில் சென்சார் ஓடியது, இன்னொருவன் மேசையில் கடிகாரம் ஓடியது, சேர்த்ததும் இரண்டும் ஒரே பெயருக்கு ஆஜர் சொல்கின்றன. 6050-இல் ஏ.டி.0 என்ற பின்னை ஹை பண்ணினால் அது 69-க்குப் போய்விடும், தீர்ந்தது.

முகவரி மோதல் இல்லை, ஆனாலும் சில நேரம் வருகிறது சில நேரம் வரவில்லை என்றால், லைனை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களை எண்ணுங்கள். ரெடிமேட் மாட்யூல் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி ஒட்டித்தான் வரும். 4.7 கிலோ ஓம் உள்ள ஐந்து மாட்யூல் சேர்ந்தால் மொத்தம் 940 ஓம், 3.3 வோல்ட்டில் லைனைக் கீழே இழுக்க 3 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும், பல சிப்களுக்கு உத்தரவாதம் அந்த 3 வரைதான். ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிடுங்கள்.

ரீசெட்டுக்குப் பிறகு பஸ் மொத்தமும் செத்துப்போய், பவரை எடுத்துப் போட்டால்தான் திரும்ப வருகிறது என்றால் ஏதோ ஒரு சென்சார் பாதிப் பேச்சில் டேட்டா லைனைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிளாக் லைனில் 9 துடிப்பு கொடுத்தால் விட்டுவிடும். இதை ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் செய்யும்படி கோடில் போட்டுவையுங்கள், மேலே போன பிறகு பிளக்கைப் பிடுங்கி மாட்ட யாரும் இல்லை.

மேக்னட்டோமீட்டரில் செங்குத்து அச்சு கிட்டத்தட்ட சைபர் காட்டுகிறது

சென்சாரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் இருப்பது திருநெல்வேலி. பூமியின் காந்த நடுக்கோடு நம்ம பக்கமாகத்தான் போகிறது, இங்கே காந்தப்புலம் தரைக்குக் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி வடக்கு நோக்கி ஓடும். அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதில் செங்குத்துப் பங்கு மிகவும் கொஞ்சம். டெல்லியில் இதே சென்சாரை வைத்தால் புலம் 40 டிகிரிக்கு மேல் சாய்ந்து கீழே இறங்கும், அதனால் அங்கே இருந்து வீடியோ போடுகிறவர்கள் காட்டும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகாது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதே இந்த இடத்தின் விசேஷத்துக்காகத்தான். சிற்பம் பார்க்கப் போகிற கூட்டத்துக்கு அது தெரியாது, சாட்டிலைட் கட்டுகிறவர்களுக்காவது தெரிய வேண்டும்.

சோதனை எளிது. போர்டைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, சைபர் காட்டிய அச்சை வடக்குப் பார்க்கத் திருப்புங்கள். அது 40-ஐ ஒட்டி ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நம்ம ஊர்ப் புலத்தை மட்டும் வைத்து எழுதிச் சோதித்த கோடு, செங்குத்துப் புலம் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. துருவத்தைத் தாண்டும் சுற்றுப்பாதையில் போனால் புலம் கிட்டத்தட்ட நேர் கீழாக, 50 மைக்ரோடெஸ்லா அளவுக்கு வரும். அங்கே போய் பிளஸ் மைனஸ் குறி மாறி, சாட்டிலைட்டின் சுழற்சியை நிறுத்த வேண்டிய காந்தச்சுருள் சுழற்சியைக் கூட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்? அதனால் பிசிக்ஸ் ஆட்களைக் கொண்டு ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் கட்டுங்கள். காசு ஒன்றும் பெரிதாக ஆகாது, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எனாமல் வயர் வாங்கினால் போதும். அரை மீட்டர் ஆரத்தில் இரண்டு வளையம், இரண்டுக்கும் நடுவே இடைவெளியும் அதே அரை மீட்டர், ஒவ்வொன்றிலும் 30 சுற்று, 1 ஆம்பியர் விட்டால் நடுவில் சுமார் 54 மைக்ரோடெஸ்லா கிடைக்கும். மரச்சட்டத்தில் கட்டுங்கள், இரும்பு ஸ்டாண்டு வேண்டாம். இரும்பு மேசை மேல் வைத்துக்கொண்டு அளக்கவும் வேண்டாம். சுருளை ஆன் பண்ணாமலே ரீடிங் தாறுமாறாகக் குதித்தால் பக்கத்தில் ஸ்பீக்கர், மொபைல், ஸ்டீல் ஸ்குரூ என்று தேடுங்கள்.

அந்தத் தேடலில் கடைசியாகச் சிக்குவது ஆன்டெனா. பாதிப் பேர் அளவு டேப்பை வெட்டித்தான் ஆன்டெனா செய்கிறார்கள், நல்ல யோசனை, மடித்து வைத்தால் தானே விரியும், 437 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 17 செ.மீ. போதும். ஆனால் டேப் எஃகு. மடித்து வைத்திருக்கும்போது ஒரு ரீடிங், விரிந்த பிறகு வேறு ரீடிங். ஆன்டெனா செய்தவனுக்குக் காந்தம் பற்றிக் கவலை இல்லை, சென்சார் வைத்தவனுக்கு ஆன்டெனா எதனால் செய்தது என்று தெரியாது. சென்சாரின் அளவைச் சரிசெய்யும் கேலிப்ரேஷனை ஆன்டெனா விரிந்த நிலையில் செய்யுங்கள். சொந்தக் காந்தச்சுருள் ஓடும் நேரத்தில் சென்சாரைப் படிக்கவும் கூடாது. சுருளை நிறுத்து, கொஞ்சம் பொறு, படி, மறுபடி ஓட்டு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டெனா விரியவில்லை

ஆன் பண்ணினோம், ஒன்றுமே நடக்கவில்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். டிப்ளாயரை விட்டு வெளியே வந்து 30 நிமிடம் ஆகும் முன் எதையும் விரிக்கக் கூடாது, 45 நிமிடம் ஆகும் முன் ரேடியோ பேசக் கூடாது என்று கியூப்சாட் விதி. கோடு அதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறதோ என்னவோ. தலைகீழ்க் கதையும் உண்டு: லேபுக்காக 30 நிமிடத்தை 30 செகண்டாக்கி, அப்படியே விட்டுவிடுவது. அந்த எண் கோடில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும், மாற்றினால் நோட்டில் ஏற வேண்டும்.

நேரம் ஆகியும் விரியவில்லை என்றால் நிக்ரோம் கம்பி. தூண்டில் நரம்பால் டேப்பைக் கட்டி, நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி நரம்பை அறுப்பதுதான் எல்லாரும் செய்வது. மேலே ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் லேபில் உட்கார முடியாது, வாஸ்தவம்தான், ஆனால் அந்தக் காற்று கம்பியின் சூட்டைக் கொண்டுபோய்விடும். வெற்றிடத்தில் காற்றே இல்லை, கம்பி இங்கே இருப்பதைவிட அதிகம் சூடேறும், அதனால் லேபில் அறுக்கக் கஷ்டப்பட்டது மேலே சுலபமாக அறுபடலாம், கம்பியே அறுந்தும் போகலாம். அங்கே எதிராக நிற்பது குளிர்ந்த பேட்டரி, கரண்ட் இழுத்ததும் அதன் வோல்டேஜ் சரியும். ஆகவே இரண்டு முனையிலும் சோதியுங்கள்: சார்ஜ் குறைந்த, குளிரவைத்த பேட்டரியில் ஒரு தரம், முழு சார்ஜில், காற்றோட்டமில்லாத மூடிய பெட்டிக்குள் ஒரு தரம். இரண்டாவது சோதனையில் கம்பி பிழைக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பெட்டி டிப்ளாயர் மாதிரிக்குள் போகவில்லை

மேலேயுள்ளவற்றோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம், மனக்கஷ்டம்தான் பெரிது. 1 யூ அளவு 100 க்கு 100 க்கு 113.5 மி.மீ., அகலத்தில் 0.1 மி.மீ.தான் கூடக்குறைய விடுவார்கள். பட்டறை அண்ணாச்சி அளந்தபோது சரியாக இருந்தது என்றால் அவர் பொய் சொல்லவில்லை. காலைக் குளிர்ச்சியில் அளந்ததற்கும் தகரக் கூரைக்கு அடியில் உச்சி வெயிலில் அளப்பதற்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தாலே 100 மி.மீ. அலுமினியத்தில் 0.03 மி.மீ. கூடிவிடும். அதோடு ஆனடைஸ் பூச்சின் கனம். வெளியே நீட்டும் ஸ்குரூ தலை. இம்மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 40 கிலோ, நம்ம பக்கத்துக் குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் செய்து 2017-இல் மேலே போன நியுசாட் 15 கிலோ. அந்த மாதிரிச் சாட்டிலைட்டுகள் ராக்கெட்டில் நேரடியாகப் பொருத்தப்படுபவை, கியூப்சாட் அடுத்தவன் செய்த கூட்டுக்குள் போய்த்தான் உட்கார வேண்டும். குலசேகரப்பட்டினத்தில் 2024-இல் அடிக்கல் நாட்டிவிட்டார்கள், ஏவுதளம் பக்கத்து மாவட்டத்துக்கே வருகிறது, என்றாலும் ஊர்க்காரர்கள் என்று டிப்ளாயர் ஒரு இழை விட்டுக்கொடுக்காது.

தரை நிலையத்தில் எதுவும் கேட்கவில்லை

உங்கள் சாட்டிலைட் மேலே போகும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே மொட்டை மாடியில் பழகுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் பாக்கெட் அனுப்புவது உண்டு, அதையே பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியவில்லை என்றால் இந்த வரிசை.

கம்ப்யூட்டர் கடிகாரம். சுற்றுப்பாதைக் கணக்கெல்லாம் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம்ம நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். சாஃப்ட்வேரில் இதைக் குழப்பிவிட்டால் ஆன்டெனா வெறும் வானத்தைப் பார்த்து நிற்கும், ஆன்டெனா செய்த பிள்ளையைத் திட்டுவார்கள். சுற்றுப்பாதைத் தரவு பழசாக இருந்தாலும் இதே கதி, சோதனைக்கு முன் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டாப்ளர். 500 கி.மீ. உயரத்தில் போகும் சாட்டிலைட்டின் 437 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் வரும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் போகும்போது அதே அளவு கீழேயும் கேட்கும், ரிசீவரை ஒரே இடத்தில் கட்டிவைத்தால் நடுவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஒரு தடவை தலைக்கு மேல் கடக்க அதிகபட்சம் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அதற்குள் முடித்தாக வேண்டும்.

கேபிள். டிஷ் டி.வி.க்குப் போடும் 75 ஓம் கேபிளை மீதி இருக்கிறது என்று மாட்டியிருப்பார்கள். ரிசீவ் பண்ண மட்டும் சமாளிக்கலாம், அனுப்ப 50 ஓம் கேபிள்தான். இரைச்சல் அதிகம் என்றால் அறை எல்.இ.டி. விளக்கை அணைத்துப் பாருங்கள். மேற்குப் பக்கம் மட்டும் சிக்னல் லேட்டாக வருகிறது என்றால் அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் மலையைத்தான் திட்ட வேண்டும்.

சிக்னலைக் கேட்பது வேறு, அனுப்புவது வேறு. அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர் ஒருவர் டீமில் இல்லாமல் அமெச்சூர் அலைவரிசையில் ஆன்டெனாவோடு ரேடியோவை ஆன் பண்ணாதீர்கள். உரிமம் வரும்வரை டம்மி லோடு. பரீட்சை ஒன்றும் கஷ்டமில்லை, இரண்டாம் வருஷத்திலேயே ஒருவரை எழுத வைத்துவிடுங்கள்.

எல்லாம் ஓடுகிறது, எண்கள் மட்டும் பொருந்தவில்லை

அலகு. காந்தப்புலத்துக்கு ஒருவன் காஸ், ஒருவன் மைக்ரோடெஸ்லா. ஒருவன் டிகிரி, ஒருவன் ரேடியன். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்தது இப்படித்தான், ஒரு பக்கம் பவுண்டு கணக்கில் கொடுத்த எண்ணை மறுபக்கம் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஆட்களுக்கே நடந்திருக்கிறது. மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அலகு சரி என்றால் அச்சு. மெக்கானிக்கல் படத்தில் இசட் மேலே இருக்கும், சென்சார் சிப்பில் அச்சடித்திருக்கும் இசட் போர்டு பொருத்திய விதத்தில் பக்கவாட்டில் இருக்கும். சட்டத்தின் மேலேயே எக்ஸ், ஒய், இசட் என்று ஸ்டிக்கர் ஒட்டி, எல்லாரும் அந்த ஸ்டிக்கரைத்தான் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குச் சாட்டிலைட்டைக் கையில் பிடித்து இசட்டைச் சுற்றித் திருப்புங்கள், திரையில் வேறு அச்சு ஆடினால் தெரிந்துவிடும்.

ராக்கெட் அதிர்வைத் தாங்குமா என்று பார்க்கும் குலுக்கல் சோதனைக்குப் பிறகு உள்ளே கடகடவென்கிறது

இஸ்ரோவின் மகேந்திரகிரி மையம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே குலுக்கித் தரமாட்டார்களா என்று முதல் வருஷப் பையன்கள் கேட்பார்கள். அங்கே நடப்பது ராக்கெட் எஞ்சின் சோதனை தம்பி. குலுக்கல் மேசைக்கு வேறிடத்தில் முன்கூட்டியே நாள் குறித்து வாங்க வேண்டும், அதனால் அங்கே போய்க் கண்டுபிடிக்காமல் இங்கேயே முடிந்ததை முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் தளராமல் பிடிக்கும் திரெட் லாக்கர் பசை, முடுக்கிய பிறகு தலைக்கும் சட்டத்துக்கும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு. திரும்பி வந்ததும் கோடு உடைந்திருக்கும் ஸ்குரூதான் தளர்ந்தது. பெரிய கெப்பாசிட்டர், காயில் மாதிரி நின்றுகொண்டிருக்கும் உருப்படிகளை அடியில் எபாக்சி வைத்துப் பிடித்துவிடுங்கள், ஆனால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பசை வேண்டாம், வெற்றிடத்தில் ஆவி விட்டு கேமரா கண்ணாடியில் போய்ப் படியும். பி.வி.சி. வயருக்கும் இதே காரணத்தால் இடமில்லை, டெஃப்லான் வயர் போடுங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எடை போடுங்கள், குலுக்கும் முன் போட்ட எடையோடு ஒப்பிடுங்கள், பிறகு எல்லாச் சோதனையையும் மூடிய நிலையிலேயே ஒரு தடவை ஓட்டுங்கள். திறந்ததும் முதலில் போட்டோ. கடகடத்த துண்டு எந்த டிபார்ட்மெண்டுடையது என்பதை அந்தப் போட்டோவைப் பார்த்துப் பேசுங்கள்.